ஏஐ படித்த பில்லில் எதைச் சரிபார்ப்பது?

கேள்வி: ஸ்கேன் செய்த பில்களைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவது என் வேலை. இப்போது ஏஐ மென்பொருளே எல்லாவற்றையும் படித்துவிடுகிறது. என்னைச் சரிபார்க்க மட்டும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எண்களிலிருந்து. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் பழைய ஓசிஆர் மென்பொருள் புரியாத இடத்தில் கன்னாபின்னாவென்று எழுத்துகளைக் கொட்டும், பார்த்ததும் பிடித்துவிடலாம். ஏஐ மங்கிய இடத்திலும் நம்பும்படியான ஓர் எண்ணைப் போட்டுவிடும். உண்மையான ஆபத்து இதுதான். ‘படிக்க முடியாவிட்டால் காலியாக விடு’ என்று ஏஐக்குக் கொடுக்கும் கட்டளையிலேயே எழுதுங்கள். அப்படியும் சில நழுவும்.

அதனால் எக்செல்லில் சூத்திரம் போடுங்கள்: அளவு × விலை = தொகை; தொகைகளின் கூட்டல் + வரி = மொத்தம். ஒத்துப்போகாத பில்களை உடனே மூலத்தோடு ஒப்பிடுங்கள். 1-ஐ 7 என்று படித்திருந்தால் பெரும்பாலும் இங்கே சிக்கிவிடும். தேதி சிக்காது. 03/04 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்பதை மென்பொருள் ஊகிக்கத்தான் செய்யும். பில் அனுப்பியவர் எந்த முறையில் எழுதுகிறார் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பில் எண்ணும் சிக்காது. 00482 என்பதை எக்செல் 482 ஆக்கிவிடும். தரவை ஏற்றும் முன்பே பில் எண் வரும் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது.

ஸ்கேனின் தெளிவு 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறைய வேண்டாம்.

கேள்வி: மென்பொருள் 98% உறுதி என்று காட்டும் பில்களை அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. தவறான எண்ணுக்கும் அது அதே உறுதியைக் காட்டக்கூடும். அவற்றிலும் சிலவற்றைத் தினமும் குலுக்கல் முறையில் எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள்.