மூத்த வீரர் ஒருவரை வேறு அணிக்குக் கொடுத்த பிறகு, அடுத்த சீசனுக்கான பட்டியலை ஒரு பேஸ்பால் அணி எப்படி முடிவு செய்கிறது?

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டாம்பாவில் இருந்தவன் என்பதால், எனக்கு நன்கு தெரிந்த ஒரே ஒரு குளிர்காலத்தை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன். 2017 டிசம்பர் 20 அன்று டாம்பா பே ரேஸ் அணி, பத்து சீசன்களாகத் தன் மூன்றாம் பேஸை, அதாவது களத்தின் இடது மூலையை, காத்து வந்த எவான் லாங்கோரியாவை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. ரேஸ் அணிக்காக 261 ஹோம் ரன்கள் (பந்தைக் களத்தின் சுவருக்கு அப்பால் அடித்து எடுக்கும் ரன்கள்) அடித்தவர் அவர். அந்த அணியில் வேறு எவரும் அந்த எண்ணை எட்டியதில்லை. 2011 செப்டம்பர் 28 இரவு நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் 0-7 என்று பின்தங்கிக் கிடந்த ஆட்டத்தை, 12ஆம் இன்னிங்ஸில் இடது மூலையின் தாழ்வான சுவரைச் சற்றே தாண்டிய ஒரு பந்தால் முடித்து, சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு அணியை அனுப்பியவரும் அவரே. செய்தி வந்த மறுநாள், எங்கள் அலுவலகத்தில் ஆட்டத்துக்குக் கொண்டுபோகும் மாட்டுமணியை எப்போதும் மேசைமேல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

ஏன் அப்போது கொடுத்தார்கள் என்பதற்கு உணர்ச்சியைவிட நாட்காட்டியே நல்ல விடை. பத்து ஆண்டுகள் மேஜர் லீக் என்னும் உச்ச நிலைப் போட்டியில் ஆடி, அவற்றில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்த வீரருக்கு, தன்னை வேறு அணிக்கு மாற்றுவதைத் தடுக்கும் உரிமை உண்டு. லாங்கோரியா 2008 ஏப்ரலில் அறிமுகமானவர். ஆகவே 2018 சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே அந்த உரிமை அவர் கைக்கு வந்திருக்கும். 2017 முதல் 2022 வரையிலான அவருடைய ஒப்பந்தம் 10 கோடி டாலர். லீக்கிலேயே மிகக் குறைந்த கூட்டம் வரும் அரங்கை வைத்துக்கொண்டு, 80 வெற்றி, 82 தோல்வி என்று முடித்திருந்த ஓர் அணி, முப்பத்திரண்டு வயதான ஒருவருக்காக அந்தச் சுமையை இன்னும் ஐந்தாண்டு தாங்கத் தயாராக இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இத்தகைய பரிமாற்றம் நடந்தவுடன் எல்லோரும் பதிலுக்கு யார் வந்தார்கள் என்றே பார்க்கிறார்கள். காலியான இடத்தில் யார் நிற்கப் போகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பதிலுக்கு வந்தவர்களில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டவர் புளோரிடாவிலேயே வளர்ந்த இளைஞர் கிறிஸ்டியன் அரோயோ. அவர் அங்கே நிலைக்கவில்லை. அதே பரிமாற்றத்தில் வந்தவரும் டாம்பாவில் வளர்ந்தவருமான டெனார்ட் ஸ்பான், பாஸ்டனுக்கு எதிரான 2018 சீசனின் தொடக்க ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன்களைக் கொண்டுவந்த அடியால் வெற்றி தேடித் தந்தார். மே மாதத்திலேயே அவரையும் சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் பேஸைப் பிடித்துக்கொண்டவரோ, குதிகால் அறுவைச் சிகிச்சையால் 2017 முழுவதும் ஆடாமல் இருந்த மேட் டஃபி. அவர் 2018இல் .294 சராசரியில் (ஆயிரம் வாய்ப்புக்கு 294 வெற்றிகரமான அடிகள் என்ற கணக்கில்) அடித்தார். ஓக்லண்டிலிருந்து அதிகச் சத்தமில்லாமல் வாங்கப்பட்ட ஜோயி வெண்டில் பல இடங்களில் மாறி மாறி ஆடி .300 எடுத்தார்.

உள்ளபடியே கடினமான முடிவுகள் 2018 பிப்ரவரியில்தான் வந்தன. 17ஆம் தேதி ஒரே நாளில் ஜேக் ஒடோரிஸியை மின்னசோட்டாவுக்குக் கொடுத்தார்கள், ஏஞ்சல்ஸிடமிருந்து சி. ஜே. கிரானை வாங்கினார்கள், முந்தைய ஆண்டு, லீக்கின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஆடிய கோரி டிக்கர்சனைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அணி தன் பட்டியலில் வைத்துக்கொள்ளக் கூடியவர்கள் நாற்பது பேர் மட்டுமே. அப்படி நீக்கப்பட்டவரை ஏழு நாட்களுக்குள் வேறு அணிக்கு மாற்றவோ, வேறு அணிகள் எடுத்துக்கொள்ள விடவோ, விடுவிக்கவோ வேண்டும். டிக்கர்சனின் சம்பளம் 60 லட்சம் டாலருக்குச் சற்றே குறைவு. கிரான் அதைவிட மலிவு. மூன்று நாள் கழித்து ஸ்டீவன் சூசாவும் அரிசோனாவுக்குப் போனபோது, உடன் ஆடிய கெவின் கீர்மையர் தன் மனவருத்தத்தைச் செய்தியாளர்களிடம் மறைக்கவில்லை.

லாங்கோரியாவைக் கொடுத்ததை நான் அன்றே ஏற்றுக்கொண்டேன். டிக்கர்சன் விஷயத்தை இன்றுவரை ஏற்கவில்லை. பிட்ஸ்பர்க் சென்ற அவர் அதே ஆண்டு .300 அடித்து, இடப்புற வெளிக்களத்தில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு குளோவ் விருதையும் வாங்கினார். ஆனால் கிரான் 30 ஹோம் ரன்கள் அடித்தார் என்பதையும், ஒன்பது ஆட்டங்களில் எட்டைத் தோற்றுத் தொடங்கிய அணி 90 வெற்றிகளோடு முடித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் பந்து வீசும் தொடக்கப் பிட்சர்கள் குறைந்துபோன நெருக்கடியில், மே 19 அன்று, இறுதி இன்னிங்ஸ்களில் வீசிப் பழகிய செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸிலேயே இறக்கி, அதன்பின் வேறொருவரிடம் பந்தைக் கொடுக்கும் முறையைப் புகுத்தியதும் இந்த அணிதான். அவ்வளவு செய்தும் பிளேஆஃப் இடம் கிடைக்கவில்லை.

அடுத்த நவம்பரில், இளம் வீரர்களைப் பிற அணிகள் எடுத்துச் செல்லாமல் நாற்பது பேர் பட்டியலில் சேர்த்துக் காக்க வேண்டிய கெடு வந்தது. அன்று இடம் காலி செய்வதற்காக நீக்கப்பட்டவர்களில், அந்த 30 ஹோம் ரன்களை அடித்த கிரானும் ஒருவர்.