தம்பதிக்கு 4 லிட்டர் என்ற கணக்கு சுங்கத்தில் ஏன் செல்லாது?

கேள்வி: நானும் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து டெல்லி திரும்பினோம். அங்கே டியூட்டி ஃப்ரீ கடையில் 750 மி.லி. ஸ்காட்ச் பாட்டில் ஐந்து என் பெயரில் வாங்கினேன். ஆளுக்கு 2 லிட்டர் என்றால் இருவருக்கும் 4 லிட்டர், இது 3.75 லிட்டர்தானே என்று கிரீன் சேனல் வழியாக வந்தேன். சுங்க அதிகாரிகள் மூன்று பாட்டில்களை எடுத்துக்கொண்டு ரசீது தந்தார்கள். திரும்பக் கிடைக்குமா? வழக்கு வருமா? கையில் உள்ள இரண்டில் ஒன்றை அகமதாபாத்தில் இருக்கும் அண்ணனுக்கு எடுத்துப் போகலாமா? (வாசகர், மயூர் விஹார்)

பதில்: மூன்று பாட்டிலுக்காகக் கைது, சிறை என்றெல்லாம் பயப்படாதீர்கள். ஆனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மேற்கொண்டு எல்லாமே அதை வைத்துத்தான்.

ஒரு பயணியின் வரியில்லாச் சலுகையை இன்னொருவருடைய சலுகையோடு சேர்க்கக் கூடாது என்பது பேக்கேஜ் (பயணச் சாமான்) விதி. கணவன் மனைவிக்கும் விலக்கு இல்லை. பில் உங்கள் பெயரில், பாட்டில்கள் உங்கள் பையில் என்றால் ஐந்தும் உங்கள் கணக்குதான். மனைவி தனியாக வாங்கியிருந்தாலும் இந்த ஐந்து தேறியிருக்காது. ஒருவரிடம் மூன்று இருந்தே ஆக வேண்டும், அது 2.25 லிட்டர். ஆளுக்கு இரண்டு 750 மி.லி. பாட்டில், அல்லது இரண்டு ஒரு லிட்டர் பாட்டில், அவரவர் பில்லில், அவரவர் பையில் என்பதே சரியான வழி. ஒயினும் பீரும் அதே 2 லிட்டருக்குள் அடங்கும். டெல்லியில் இறங்கிய பின் வருகைப் பகுதிக் கடையில் வாங்குவதும் அப்படியே.

கூடுதலாகக் கொண்டுவருவதே குற்றமல்ல, வரி கட்டினால் போதும். உங்களுக்குச் சிக்கலானது கிரீன் சேனல். அதில் நுழைந்தால் ‘அறிவிக்க ஒன்றுமில்லை’ என்று சொன்னதாகவே பொருள். சுங்கச் சட்டம் 1962-இன் 77ஆம் பிரிவு சாமான்களை அறிவிக்கச் சொல்கிறது. அறிவிக்காததை 111ஆம் பிரிவின் கீழ்ப் பறிமுதல் செய்யலாம். வரிக்குரியதை அறிவிக்கும் வழியான ரெட் சேனலில் சொல்லியிருந்தால் வரியோடு முடிந்திருக்கும். அந்த வரியும் குறைவல்ல: ஸ்காட்சுக்குப் பொதுவாக 150 சதவீதம், அதாவது ரூ.4,000 பாட்டிலுக்கு ரூ.6,000.

இப்போது ரசீதில் பிராண்டு, மி.லி., எண்ணிக்கை, பாஸ்போர்ட் எண் சரியா என்று பாருங்கள். பிறகு பில், பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் நகல்களோடு விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். 125ஆம் பிரிவின்படி மீட்பு அபராதம் கட்டிப் பொருளை விடுவிக்கலாம். வரியும், விதியை மீறியதற்காக 112ஆம் பிரிவின் கீழ் விதிக்கும் தண்டமும் தனி. உத்தரவு வந்த 120 நாளுக்குள் மீட்பு அபராதத்தைக் கட்டாவிட்டால், மேல்முறையீடு நிலுவையில் இல்லாத வரை, அந்த வாய்ப்பு போய்விடும்.

‘நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம்’ என்று ஏற்கனவே அச்சடித்த படிவத்தை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பறிமுதலுக்கு முன் காரணம் சொல்லும் நோட்டீஸும் விசாரணையும் 124ஆம் பிரிவு உங்களுக்குத் தரும் உரிமை. இப்படி அச்சுப் படிவத்தில் வாங்கும் சம்மதம் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. முறைப்படி கைப்பற்றியிருந்தால், ஆறு மாதத்துக்குள், நீட்டித்தால் ஓராண்டுக்குள், நோட்டீஸ் வர வேண்டும். வராவிட்டால் 110(2) பிரிவின்படி பொருளைத் திருப்பித் தர வேண்டும். உத்தரவு பாதகமானால் 60 நாளில் ஆணையரிடம் (மேல்முறையீடுகள்) போகலாம். அதன் பின் சாமான் வழக்குகள் தீர்ப்பாயத்துக்கு அல்ல, மத்திய அரசிடம் சீராய்வுக்குப் போகும். வரியையும் அபராதத்தையும் கூட்டிப் பார்த்தால் ஸ்காட்சின் விலையைத் தாண்டிவிடும். என் யோசனை, பாட்டில்களை விட்டுவிடுங்கள். தண்டத் தொகை அதிகமாக இருந்தால் அதை மட்டும் எதிர்த்துப் போராடுங்கள்.

வீட்டில் இருக்கும் இரண்டால் டெல்லியில் தொல்லையில்லை. 25 வயது நிறைந்தவர் 9 லிட்டர் வரை விஸ்கி, ரம், ஜின் வகை வைத்திருக்கலாம். அகமதாபாத்துக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். குஜராத்தில் மதுவிலக்குச் சட்டம் 1949 முதல் இருக்கிறது; பெர்மிட் இல்லாமல் ஒரு பாட்டில் வைத்திருந்தாலும் வழக்குதான். டியூட்டி ஃப்ரீ பில் சுங்கத்துக்குச் சொல்லும் பதில், மாநில போலீசுக்கு அல்ல. அண்ணன் டெல்லி வரும்போது உங்கள் வீட்டிலேயே திறந்து கொடுங்கள்.