பித்தப்பைக் கல்: சின்னத் துளை போதுமா?

கேள்வி: பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன், வயது 46. கறிக்குழம்பு ஊற்றிய நாசி கண்டார் சோறு சாப்பிட்டால் அன்று இரவு வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்குகிறது. ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. அடுத்த வாரம் துளை போட்டு எடுக்கலாம் என்கிறார் டாக்டர். மாமியாரோ, "வயிற்றைத் திறந்தால்தானே உள்ளே என்னவென்று தெரியும்?" என்கிறார். தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு வாரம். பால்குடம் நேர்ந்திருக்கிறேன், எடுக்கலாமா?

பதில்: மாமியார் கேட்பது நியாயம்தான். ஆனால் தொப்புள் பக்கமாக நுழையும் கேமரா, பித்தப்பையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும். குனிந்து எட்டிப் பார்ப்பதைவிட இது பல சமயம் தெளிவு. உள்ளே இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றைக் கார்பன் டைஆக்சைடால் பலூன் மாதிரி உப்ப வைப்போம். அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியே போய்விடும். கொஞ்சம் தங்கிவிட்டால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசை உறுத்தப்பட்டு, ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும். "வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்கிறது?" என்று வார்டில் கேட்காதவர்கள் குறைவு. எழுந்து நடங்கள், குறைந்துவிடும்.

வழக்கமாக நான்கு துளைகள், ஒவ்வொன்றும் அரை முதல் ஒரு செ.மீ. பழைய முறையில் விலாவுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சாண் வெட்டு, தசையும் சேர்த்து. இருமினாலே உயிர் போகும். வலிக்குப் பயந்து மூச்சை இழுக்காமல் படுத்திருந்து, சளி கட்டி நிமோனியா ஆனவர்களும் உண்டு. இப்போது பெரும்பாலோர் மறுநாளே வீட்டுக்குப் போகிறார்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான்.

கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி வரும், அதனால் பித்தப்பையையே எடுத்துவிடுவோம். பித்தம் ஊறுவது ஈரலில். பை போனால் நேரே குடலுக்கு இறங்கும்.

ஆனால் காயம் சின்னது என்பதற்காக ஆபரேஷனும் சின்னது என்று எண்ண வேண்டாம். முழு மயக்கம், உள்ளே அதே வேலை. பை வீங்கி ஒட்டிக் கிடந்தால் பாதியில் வயிற்றைத் திறக்க நேரலாம். பித்தக்குழாயைக் காயப்படுத்தாமல் இருக்கத்தான் அந்த முடிவு. கையெழுத்துப் போடும்முன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பால்குடம். ஐந்து வாரத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளைப் பலரால் ஏற முடியும். கனம்தான் யோசிக்க வைக்கிறது. மறுபரிசோதனையில் தொப்புள் காயத்தைக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள், குடமும் சின்னதாக இருக்கட்டும். ஆபரேஷனுக்கு முன்போ பின்போ காய்ச்சலோடு வயிற்றுவலி கூடினால், கண் மஞ்சளானால், அன்றே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.