பழைய கார்: பழுதைச் சொல்லாமல் விட்டாரா, பொய் சொன்னாரா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டு பழைய செடான் கார் ஒன்றை அதன் மூன்றாவது உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கினேன். பதினெட்டாம் நாள் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஓடிய கிலோமீட்டரும் குறைத்துக் காட்டப்பட்டிருப்பது பழைய சர்வீஸ் பில்லில் தெரிகிறது. அவ்வளவு அன்பாகப் பேசியவர் இப்போது போனை எடுப்பதில்லை. ஆர்சி இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. எஞ்சினைச் சரிசெய்துவிட்டு வழக்குப் போட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அவருடைய அன்பும் எடுக்காத போனும் வழக்குக்கு உதவா. எஞ்சினைப் பற்றி அவர் பொய் சொன்னாரா, ஒன்றும் சொல்லாமல் இருந்தாரா என்பது மட்டுமே இங்கே முக்கியம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17-ஆம் பிரிவின்படி வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. மௌனமே மோசடியாகும் நிலையிலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது 19-ஆம் பிரிவு. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஆயிலில் கலந்திருந்தால், ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்தாற்போன்ற பழுப்புப் பசை பெரும்பாலும் படிந்திருக்கும். குறுக்கு விசாரணையில் அந்த மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். மாறாக, "எஞ்சினைப் பிரித்ததே இல்லை, சூடானதே இல்லை" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்து, அது பொய் என்று அறிந்தே எழுதினார் என நிரூபித்தால், நீங்கள் சோதிக்கவில்லை என்ற வாதம் அவரைக் காப்பாற்றாது. கிலோமீட்டரைத் திருத்தியது அவரா, முந்தைய இருவரில் ஒருவரா என்பது தெரியாதவரை அதை முதன்மைக் குற்றச்சாட்டாக வைக்காதீர்கள். அவர் கார் வியாபாரியும் அல்லர் என்பதால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தரும் தர உத்தரவாதமும் உங்களுக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது, "சரிசெய்துவிட்டு" என்ற சொல். பழுது பார்த்து முடித்து, பழைய கேஸ்கெட்டைக் காயலான் கடைக்கு அனுப்பிய பிறகு, கையில் பில்லோடு மட்டும் வந்த கட்சிக்காரர்கள் எனக்கு உண்டு. பழுது விற்பனைக்கு முன்பே இருந்தது என்பதற்கான ஒரே சாட்சியை அவர்களே அழித்துவிட்டிருந்தார்கள். எனவே முதலில் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, குறிப்பிட்ட தேதிக்குள் அவரோ அவருடைய மெக்கானிக்கோ வந்து பார்க்கலாம் என்று எழுதுங்கள். அதன் பிறகு, தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ அறிக்கையோடும் படங்களோடும் எஞ்சினைப் பிரியுங்கள், கழற்றிய பாகங்களை வைத்திருங்கள். அதுவரை காரை ஓட்டாதீர்கள். சூடான எஞ்சினை ஓட்டி ஹெட்டை வளைத்தது நீங்கள்தான் என்பார், ஓட்டியதால் விற்பனையை ஏற்றுக்கொண்டீர்கள் என்றும் வாதிடுவார்.

பேரம் முடியட்டும் என்று பலர் ஆர்சியைக் கிடப்பில் போடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீடு உங்களுக்கு மாறியதாகக் கொள்ளப்படும். காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது. காரைத் திருப்பிக் கொடுப்பதுதான் நோக்கம் என்றால் அதை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள். வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்பதென்றால் இன்றே பெயரை மாற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

காவல் நிலையத்தில் இதைச் சிவில் தகராறு என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். சிவில் வழக்கு முடிவதற்குள் பன்னிரண்டு வயதுக் காருக்கு என்ன மதிப்பு மிஞ்சும்? எழுத்தில் பொய் இல்லையென்றால், பழுதுச் செலவில் பாதியை அவர் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைப் பெறும் அதே நாளில் பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களிலும் அவருடைய கையொப்பத்தை வாங்கிவிடுங்கள்.