செல் பிரிதலைப் படித்தால் வேலை கிடைக்குமா?

மகள் மருத்துவம் வேண்டாம், செல் எப்படிப் பிரிகிறது என்று ஆராயப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் இது முழுக்க உயிரியல் இல்லை. பாதிக்கு மேல் இயற்பியல்.

பாடப்புத்தகத்தில் செல் பிரிதல் என்றால் வரிசையாக நான்கு படம், நான்கு பெயர். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். ஆராய்ச்சியில் கேள்வியே வேறு: மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோமை இழுப்பது எது, எவ்வளவு விசையோடு? சுமார் 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள் செல்லின் இரு முனைகளிலிருந்தும் வந்து குரோமோசோமைப் பற்றுகின்றன. இரண்டு பக்கமும் சரியாக இழுபட்டால் பிடி இறுகும்; இழுவிசை இல்லாவிட்டால் பிடி நழுவி, மறுபடி பற்றும். புரூஸ் நிக்லஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் வெட்டுக்கிளிச் செல்லில் மெல்லிய கண்ணாடி ஊசியால் குரோமோசோமை இழுத்துப் பிடித்தே இதைக் காட்டினார். அதே ஊசியை வைத்து 1983-இல் விசையையும் அளந்தார்: ஒரு குரோமோசோமை நிறுத்த ஏறக்குறைய 700 பைக்கோநியூட்டன் (ஒரு பைக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தேவைப்பட்டது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இப்படி எண்ணிப் பிரிக்கும் ஏற்பாடு கிடையாது. அவை செல் முழுக்கப் பரவி நிற்க, ஆக்டின்-மையோசின் என்ற புரதங்களாலான வளையம் செல்லை நடுவில் இறுக்கி இரண்டாகப் பிரிக்கிறது.

அதனால் என் முதல் ஆலோசனை, கணிதத்தை விட்டுவிடாதீர்கள். உயிரியலுக்கு எதற்குக் கணக்கு என்று பள்ளியிலேயே அதைக் கைவிடும் பிள்ளைகள்தான் பின்னால் உயிர் இயற்பியல் பக்கம் வர முடியாமல் நிற்கிறார்கள். கொஞ்சம் புரோகிராமிங்கும் வேண்டும். இன்றைய நுண்ணோக்கிகள் வீடியோ வீடியோவாகத் தள்ளுகின்றன; அவற்றை அலசிச் சொல்ல ஆள் தேவை.

வேலைக்கு வருவோம். சொந்தமாக ஆராய்ச்சி செய்ய முனைவர் பட்டம் வேண்டும், அது பல வருட விஷயம், மறைக்க விரும்பவில்லை. அந்த அளவுக்குப் போகாமலும் குரோமோசோம் பரிசோதனைக் கூடங்கள், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களின் கருவியல் பிரிவு, மருந்து நிறுவனங்கள் என்று வழிகள் இருக்கின்றன, உரிய பயிற்சி எடுத்தால். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து வேலை செய்வதே அந்த நுண்குழல்களைக் கலையவிடாமல் உறைய வைத்துத்தான்.

இந்த விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். செல் பிரியும் வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கும். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் ஒரு குரோமோசோம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அவளையே அளக்கச் சொல்லுங்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை என்றால் சேர்த்துவிடுங்கள். ஒரே மணி நேரத்தில் மூடி வைத்துவிட்டால், அப்புறம் மருத்துவத்தைப் பற்றி மறுபடி பேசலாம்.