29சி பஸ்ஸில் வந்த பெரியவர் (கடிதம்)

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

ஒரு வருடமாக மிஷனரி ஊழியத்தில் இருக்கிறேன். எங்கள் குழுவில் எது நடந்தாலும் ‘கர்த்தர் நடத்தினார்’ என்பார்கள். போன மாதம் வேன் பஞ்சராகி அரைமணி நேரம் தாமதம். நாங்கள் போகவேண்டிய வழியில் அதற்குள் ஒரு விபத்து, இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். நாங்கள் தப்பியதை ஞாயிறு ஆராதனையில் சாட்சியாகச் சொன்னார்கள். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. இன்னொன்று. பெரம்பூரில் 29சி ஏறினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், மனைவி இறந்து பதினோரு நாள்தான் ஆகிறது என்று சொல்லி அடையாறு வரை பேசிக்கொண்டே வந்தார். நான் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை, பெயரும் கேட்கவில்லை. இது தற்செயலா, நடத்துதலா? எப்படித் தெரிந்துகொள்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள தம்பி,

அந்த ஆமென் உங்கள் வாயில் வராததில் எனக்குச் சந்தோஷம்தான். தப்பித்ததற்கு முழங்கால் போட்டு நன்றி சொல்லுங்கள், அது சரி. ஆனால் இரண்டு வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது அதை நமக்குக் கிடைத்த சலுகை மாதிரி மேடையில் சொல்லக் கூடாது. அவர்கள் ஏன் இறந்தார்கள் என்று விளக்கம் சொல்கிற ஊழியக்காரரை நான் நம்ப மாட்டேன். உங்கள் குழுவில் யாராவது அந்த இரண்டு வீட்டுக்கும் போய் வந்தார்களா?

தற்செயல் என்கிற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், அவள் போவாசின் வயலுக்குப் போனதைப் பற்றி நம் தமிழ் வேதாகமமே ‘தற்செயலாய்’ என்றுதான் சொல்கிறது. பசி, வீட்டில் மாமியார், எங்கேயாவது கதிர் பொறுக்கியாக வேண்டும், போனாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் விஷயத்தைச் சொல்கிறேன். ஜார்கண்டில் துமகா பக்கம் சந்தால் பழங்குடி மக்களின் கிராமங்களில் ஒன்பது வருடம் இருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஊழியம் போச்சு, கஷ்டப்பட்டுக் கற்ற பாஷையும் வீண் என்று மனசு கசந்து கிடந்தேன், கர்த்தரிடமே கோபமாகச் சொல்லியும் இருக்கிறேன். ஒரு நாள் இங்கே ஓர் அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும்போது, எலும்பு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் குழந்தையிடம் ‘தாக்’ என்று ஏதோ சொன்னது காதில் விழுந்தது. சந்தாலியில் தண்ணீர். நான் திரும்பி ‘ஜோஹார்’ என்று அவர்கள் பாஷையில் வணக்கம் சொன்னேன், அவள் எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

அவள் புருஷன் ஓஎம்ஆரில் அடுக்குமாடி வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தான். ஆபரேஷன் செய்ய வேண்டும். டாக்டர் தமிழிலும் அரைகுறை இந்தியிலும் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் தொடையில் விரலால் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். காலை வெட்டப் போகிறார்கள் என்று நினைத்து அவள் இரண்டு நாளாகக் கைநாட்டு வைக்கவில்லை. எலும்பை உள்ளே தகடு வைத்துச் சேர்ப்பார்கள், கால் இருக்கும் என்று எனக்கு மறந்துபோயிருந்த பாஷையில் நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவைதான் கட்டை விரலை மையில் வைத்தாள்.

அன்று நானும் வசனம் எதுவும் சொல்லவில்லை. அப்படிப் பயந்து நிற்கிறவளிடம் அதை ஆரம்பித்தால் அவள் இக்கட்டை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று அர்த்தம். இதற்காகத்தான் கர்த்தர் உன் அம்மாவைப் படுக்கையில் போட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல் என் காதில் விழுந்ததில் அவர் கை இருந்தது என்று முழு மனதோடு நம்புகிறேன். எப்படித் தெரியும் என்றால், அது என் கையில் ஒரு வேலையைக் கொடுத்தது. எனக்குத் தெரிந்த அடையாளம் இது ஒன்றுதான்.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடருக்குத் திண்டிவனத்தில் நடந்தது நீங்கள் பயிற்சியில் கேட்டிருப்பீர்கள். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். டாக்டரான அவருடைய அப்பாவை அனுப்புகிறேன் என்றால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய், 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வேலையை ஆரம்பித்தார். சாட்சி சொல்கிறவர்கள் வேலூர் ஆஸ்பத்திரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த மூன்று வீடுகளும் ஞாபகத்துக்கு வரும். உங்கள் மனைவி இறந்தது இதற்காகத்தான் என்று அங்கே போய்ச் சொல்ல முடியுமா? ஐடா அப்படி விளக்கம் தேடிக்கொண்டிருக்காமல் படிக்கப் போனார், எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

அப்புறம் அந்தப் பெரியவர். வசனம் சொல்லவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், பெரம்பூரிலிருந்து அடையாறு வரை ஒருவர் அழுகையைக் கேட்பது சின்ன வேலை இல்லை. முடிந்தால் அதே நேரத்துக்கு அதே பஸ்ஸில் இன்னும் ஓரிரு வாரம் போய்ப் பாருங்கள். கண்ணில் பட்டால் அவர் பெயரைக் கேளுங்கள், அவர் மனைவியின் பெயரையும் கேளுங்கள்.