முக்குளிக்கும் வாத்து என்றால் என்ன? குடுமி வாத்து எப்படி மூழ்குகிறது?

தலையை மட்டும் கவிழ்க்காமல், முழு உடம்போடு மூழ்கி இரை தேடுவதே முக்குளிக்கும் வாத்து. குடுமி வாத்தையே பாருங்கள்: ஆண் கருப்பு, விலா பளீர் வெள்ளை, கண் மஞ்சள், பின்னந்தலையில் தொங்கும் குடுமி. பெண் பழுப்பு.

படகின் பின்னால் பூட்டிய மோட்டார் போல, கால்கள் உடம்பின் பின்பக்கம் இருக்கின்றன. நீருக்குள் நல்ல உந்துதல், தரையில் தள்ளாட்டம். இறகுக்குள் காற்று இருப்பதால், காலிக் குடத்தை அமுக்கும்போது நடப்பதுபோல நீர் மேலே தள்ளும். அதனால் இறகை இறுக்கி, ஒரு துள்ளலோடு தலைகீழாகப் பாய்ந்து, அடியில் இருக்கும்வரை உதைத்துக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் கூடு கட்டும். குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வரும்.

முங்குவதால் மீன் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கிய உணவு சிப்பியும் நத்தையும்தான். சிறு சிப்பிகளை ஓட்டோடு விழுங்கி, வலுவான இரைப்பையில் நொறுக்கிவிடும்.